கேப் ராத் நெடும்பாதை: ஜூன் இறுதியில் எந்தக் கூடாரம், எந்த வழி?

தேம்ஸ்கரையான் கேட்டது

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமிலிருந்து வடமேற்கு முனையான கேப் ராத் கலங்கரை விளக்கம் வரையிலான நெடும்பாதையைத் தனியாக நடப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஜூன் கடைசி வாரத்தில் புறப்பட்டு ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிக்க வேண்டும். அலுவலகத்தில் அந்த நாட்களுக்குத்தான் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஆகவே மாதத்தை மாற்ற வழியில்லை.

சென்ற ஆண்டு மல்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் நீளும் மேற்கு ஹைலேண்ட் பாதையை நடந்து முடித்தேன். அப்போது எடுத்துச் சென்றது இருவர் படுக்கக்கூடிய குவிமாடக் கூடாரம். முளைகளையும் சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். அந்தப் பாதையில் ஊர்களும் கடைகளும் அடுத்தடுத்து வருவதால் உணவுச் சுமை குறைவாக இருந்தது, கூடாரத்தின் எடையும் பெரிதாக உறுத்தவில்லை. கேப் ராத் பாதையில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் நான்கைந்து நாட்கள் ஆகலாம் என்பதால், இம்முறை கூடாரத்தின் எடையைப் பாதிக்குக் கீழே கொண்டுவர விரும்புகிறேன்.

என் முன் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று, நீர்புகாத் துணியாலான எளிய டார்ப் ஒன்றைக் கூரையாகக் கட்டி அதன் கீழே, உறக்கப்பைக்கு நீர்புகா உறையாக அமையும் பிவி பையில் படுப்பது. மற்றொன்று, நடைக்கோல்களையே தூண்களாக நிறுத்திக் கட்டும், 800 கிராம் அளவிலான ஒருவர் கூடாரம். இவை தவிர, வழியில் 'பாத்தி' எனப்படும் ஆளில்லா மலைக்குடில்கள் பல இருப்பதால், பெரும்பாலான இரவுகளை அங்கேயே கழித்துவிட்டு, கூடாரத்தை அவசரத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணமும் இருக்கிறது.

வழியைப் பொறுத்தவரை, தொடக்கப் பகுதியில் கிளென்ஃபினன், நொய்டார்ட் ஊடாகச் செல்லும் மேற்கு வழியா, கிரேட் கிளென் பள்ளத்தாக்கின் கால்வாய்க் கரையோடு செல்லும் கிழக்கு வழியா என்பதில் தெளிவில்லை. மேற்கு வழிதான் அழகு என்று எல்லாரும் சொல்கிறார்கள். தனியாக நடப்பவருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரமண் எழுதியது

வணக்கம். மே மாதத்தில் போயிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கு ஹைலேண்ட்ஸில் எந்தக் கூடாரம் என்பதைத் தீர்மானிப்பது மழை அன்று, மிட்ஜ் பூச்சிதான்.

சிறகை விரித்தாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வராத இந்தப் பூச்சி, காற்று அடங்கி வானம் மூடி ஈரம் நிறைந்திருக்கும் காலை வேளைகளிலும் மாலை வேளைகளிலும் புல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் எழும். கடிப்பவை பெண் பூச்சிகள் மட்டுமே என்பது அறிவியல் செய்தி. கடிபடுபவருக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை. சாதாரணக் கொசுவலையின் கண்கள் வழியே இவை நுழைந்துவிடும் என்பதால், கூடாரத்தின் வலையும் முகவலையும் இதற்கென்றே நெய்யப்பட்ட நுண்வலையாக இருக்க வேண்டும். மேற்கு ஹைலேண்ட் பாதையில் நீங்கள் ஓரளவு பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே தாங்க முடியாவிட்டால் ஒரு விடுதிக்குள் புகுந்துகொள்ள முடியும்; மேற்கு வழியில் வரும் சோர்லீஸ் கடற்கரையில் அதற்கு இடமில்லை.

இந்த நிலையில் டார்ப்பும் பிவி பையும் தூங்கும் நேரத்துக்கு மட்டுமே காப்பு. ஜூன் இறுதியில் கேப் ராத் பக்கம் பகல் வெளிச்சம் 18 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. நீங்கள் மாலை ஆறு மணிக்கு நடையை நிறுத்தினால், சமைப்பது, ஈரத்துணி மாற்றுவது, காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது, கொப்புளத்துக்கு மருந்திடுவது, மறுநாள் வழியை வரைபடத்தில் பார்ப்பது ஆகிய அனைத்தையும் முகவலையோடு வெளியே உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும். உண்ணி தேடுவதற்கு உடம்பை வெளியே காட்ட வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் அந்தப் புல்வெளிகளில் இருக்கின்றன; அந்தச் சோதனையை ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது. ஆகவே நிமிர்ந்து உட்காரக்கூடிய, முழுதும் மூடக்கூடிய வலையறை ஒன்று தேவை என்பது என் உறுதியான கருத்து.

அந்த வலையறையைச் சேர்த்துவிட்டால் எடைக்கணக்கும் மாறிவிடுகிறது. நல்ல அளவுள்ள டார்ப் 350 முதல் 450 கிராம் வரை வரும்; அதன் கீழே தொங்கவிடும் வலை உள்கூடாரம் 250 முதல் 400 கிராம் வரை வரும். இரண்டையும் கூட்டினால் நீங்கள் சொல்லும் 800 கிராம் கூடாரத்துக்கு அருகில் வந்து நின்றுவிடும். நூறு கிராம் மிச்சத்துக்காகப் பக்கச்சுவரும் கதவும் இல்லாத கூரையை மேற்கு ஹைலேண்ட்ஸுக்குக் கொண்டுபோவானேன்? அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதுவும் நேராக விழாமல் பக்கவாட்டில் வருகிறது.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிக்கான் பூசிய நைலான் ஈரத்தில் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவில் தொய்ந்து முகத்தைத் தொடும், எழுந்து கயிற்றை இழுக்க வேண்டும். சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் அவ்வாறு நீளுவதில்லை, விலையும் கட்டுப்படியாகும். டைனீமா கலப்புத் துணி தண்ணீரையே உறிஞ்சாது, எடையும் மிகக் குறைவு. ஆனால் விலை மூன்று மடங்குக்கும் மேலே போகலாம், கூர்மையான கல்லும் முள்ளும் அதற்கு ஆகாது. உங்கள் பயணத்துக்குப் பாலியஸ்டரே போதும்.

ஒற்றைத் துணிக் கூடாரம், இரட்டைத் துணிக் கூடாரம் என்ற தேர்வில் இரண்டாவதன் பக்கம் நிற்பேன். ஈரமான பள்ளத்தாக்கில் எந்தக் கூடாரமும் உள்ளே வியர்க்கும். இரட்டைத் துணியில் அந்த ஈரம் வெளிக்கூரையோடு நின்றுவிடும், உறக்கப்பை நனையாது. உள்கூடாரம் முழுவதும் வலையாக இல்லாமல், கீழ்ப்பாதி காற்று புகாத துணியாக இருந்தால் சில பத்து கிராம் கூடும். ஆனால் காற்றடிக்கும் இரவில் அதன் அருமை தெரியும்.

இனி, எங்கே கூடாரம் அடிப்பது என்பது. மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று வீசினால் மிட்ஜால் பறக்க இயலாது. எனவே பிற நாடுகளில் காற்றுக்கு ஒதுங்கி மரத்தடியிலோ பாறை மறைவிலோ இடம் தேடுவோமே, அதற்கு நேர்மாறாக இங்கே காற்றைத் தேடிப் போக வேண்டும். சற்றே உயர்ந்த மேடு, ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனை, கடற்கரை ஆகியவை நல்ல இடங்கள். மரக்கூட்டம், பெரணிப் புதர், தேங்கிய நீரின் ஓரம் ஆகியவை கூடா. ஆனால் பூச்சியை விரட்டும் அந்தக் காற்று இரவில் வலுத்தால், கூடாரத்தின் மேல்தான் முழு விசையும் விழும். மேட்டில் அடித்தாலும் நிற்கக்கூடிய உறுதி அதற்கு இருக்கிறதா என்பதுதான் அங்கே எழும் கேள்வி. பக்கம் திறந்த டார்ப் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

கரையோடி எழுதியது

கூடாரத்தைப் பற்றி ஈரமண் சொன்னதை ஏற்கிறேன். வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தப் பாதைக்கு அதிகாரபூர்வமான ஒற்றைக் கோடு கிடையாது, வழிக்குறிகளும் இல்லை. 320 முதல் 370 கிலோமீட்டர் வரை, எந்தக் கிளையைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். மேற்கு வழி ஃபோர்ட் வில்லியமில் லின்னி கடல்நீரேரியைச் சிறு படகில் கடந்து, கோனா பள்ளத்தாக்கு வழியாகக் கிளென்ஃபினனை அடைந்து, அங்கிருந்து டெசாரி பள்ளத்தாக்கு, சோர்லீஸ், பாரிஸ்டேல், கின்லாக் ஹோர்ன், ஷீல் பிரிட்ஜ் என்று செல்கிறது. கிழக்கு வழி பானவியில் கால்வாய் மதகுகளின் படிவரிசையைக் கடந்து, லாக்கி ஏரிக்கரையோடு சென்று, இன்வர்காரிக்குப் பிறகு மேற்கே திரும்பி, குளூவானி வழியாக மோர்விக் அருகே மற்ற வழியோடு சேர்கிறது.

கிழக்கு வழியின் முதல் இரண்டு நாட்கள் மிக எளிது, உண்மையைச் சொன்னால் சற்றுச் சலிப்பும் தரும். மேற்கு வழியில் டெசாரியைத் தாண்டிய பிறகு நிலமே வேறாகிவிடுகிறது. பாறையும் சதுப்பும் மாறி மாறி வரும். வரைபடத்தில் 18 கிலோமீட்டர் என்று தெரிவது முழு நாள் உழைப்பாகிவிடும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்கிட்டுத் திட்டமிட்டால் இரண்டாம் நாளே திட்டம் பொய்த்துவிடும். இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோர்லீஸ் குடிலைத் தாண்டியதும் கடலை ஒட்டி ஒரு நிலமுனை இருக்கிறது. ஓதம் இறங்கியிருக்கும்போது கரையோடு சுற்றிப் போகலாம், ஏறியிருக்கும்போது மேலே ஏறி இறங்க வேண்டும். நெவிஸ் கடல்நீரேரியின் ஓத நேரத்தை முன்பே குறித்து வைத்துக்கொண்டால் அந்த ஏற்றம் மிச்சம்.

தனியாக நடப்பவருக்கு முக்கியமானவை ஆறுகள். இமயமலையில் பனி உருகி வரும் ஆறுகளைக் கடந்த பழக்கமுள்ளவர்கள், விடியற்காலையில் நீர் தணிந்திருக்கும் என்று காத்திருப்பார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. இவை மழையாறுகள், மலையில் பெய்த சில மணி நேரத்தில் ஏறும், மழை விட்ட சில மணி நேரத்தில் இறங்கும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரைத் தனியாகக் கடக்க முயல வேண்டாம். கரையிலேயே கூடாரத்தை அடித்துவிட்டுக் காத்திருப்பதும் இந்தப் பாதையில் நடையின் ஒரு பகுதிதான். மூன்று வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களை அதற்கென்று ஒதுக்குங்கள். நொய்டார்டில் கார்னக் ஆற்றுப் பாலத்தின் நிலையைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கிழக்கு வழி பாதுகாப்பானது என்ற எண்ணத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அங்கே லோயன் ஆற்றைப் பாலமில்லாமல் கடக்க வேண்டும், பெருமழைக்குப் பின் அது வழிவிடாது.

இதே விதி பாதையின் நடுப்பகுதியில் உள்ள கின்லாக்யூ என்ற ஊருக்கு வடக்கேயும் பொருந்தும். அங்கிருந்து ஷெனவல் குடிலுக்குச் செல்ல, கார்ன்மோர் வழியாக ஃபிஷர்ஃபீல்டின் நடுவே போகும் கிளை ஒன்றும், நிட் ஏரிக்கரை வழியாக இறங்கும் கிளை ஒன்றும் உண்டு. முதலாவது மிகச் சிறந்த நிலக்காட்சி. ஆனால் குடிலைக் கண்ணுக்கெதிரே பார்த்துக்கொண்டே பாலமில்லாத இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும், நடுவே சதுப்பு. நிட் ஏரிக் கிளை அவ்விரண்டையும் தவிர்த்துவிடுகிறது. முந்தைய 24 மணி நேரத்தில் மழை எவ்வளவு என்பதைக் கின்லாக்யூவிலேயே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் பரிந்துரை மேற்கு வழியே. ஆனால் ஃபோர்ட் வில்லியமில் நின்று அடுத்த நான்கு நாள் வானிலையைப் பார்த்து, தொடர்ந்து கனமழை என்றால் தயங்காமல் கிழக்கே திரும்புங்கள். இரண்டு வழிகளுக்கும் வரைபடத்தைக் கையில் வைத்திருந்தால் அந்த முடிவைக் கடைசி நாளில் எடுக்கலாம். நடுவே விலக நேர்ந்தால் கிளென்ஃபினனிலும், பின்னர் ஸ்ட்ராத்கேரனிலும் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே பெரிய சாலை என்று பார்த்தால் ஷீல் பிரிட்ஜ் மட்டுமே. கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத நாட்கள் வரும்; செயற்கைக்கோள் வழி உதவி கோரும் கருவி ஒன்று கட்டாயம்.

குடில்களை நம்பிக் கூடாரத்தைக் குறைக்கும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. 1965-இல் தொடங்கப்பட்ட மலைக்குடில்கள் சங்கம் நூற்றுக்கும் மேற்பட்ட குடில்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே பராமரித்துவருகிறது. கட்டணமில்லை, முன்பதிவுமில்லை, முன்பதிவு இல்லை என்பதாலேயே நீங்கள் நனைந்து போய்ச் சேரும்போது உள்ளே இடம் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. மழை நாளில் துணி உலர்த்தவும், மனிதர் முகம் பார்க்கவும் நல்ல இடங்கள். சட்டத்தில் கவலை வேண்டாம்: 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு வெட்டவெளியில் கூடாரம் அடிக்கும் உரிமையைத் தருகிறது. நீங்கள் சென்ற ஆண்டு லோமண்ட் ஏரிக்கரையில் பார்த்திருக்கக்கூடிய, மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான அனுமதிச்சீட்டு முறை இந்தப் பாதையில் இல்லை.

குறைசுமை எழுதியது

டார்ப்பின் பக்கம் பேச யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஈரமண் சொன்ன எடைக்கணக்கு சரியானது. ஆனால் எடை மட்டுமே டார்ப்பின் பயன் அன்று. பகலில் மழை கொட்டும்போது சில நிமிடங்களில் ஒரு பக்கத்தைச் சாய்த்துக் கட்டி, கீழே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். ஈரமான கூடாரத்தைப் பிரித்து அடித்து மடிக்கும் வேலைக்கு யாரும் துணியமாட்டார்கள். காற்றோட்டம் அதிகம் என்பதால் உள்ளே வியர்க்கும் தொல்லையும் குறைவு. குடிலில் தூங்கும் இரவில் வலையறையை மட்டும் தனியே தொங்கவிட்டு, எலிகளுக்கு மறைவாகப் படுக்கலாம். காற்று வலுத்தால் முன்பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, பின்பக்கத்தைத் தரையோடு தரையாக முளையடித்துவிட்டால் எந்தக் கூடாரத்துக்கும் இளைத்ததில்லை. இதற்குப் பழக்கம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் தேம்ஸ்கரையானுக்கு இந்தப் பயணத்தில் டார்ப்பை நானும் பரிந்துரைக்கவில்லை. மே மாதத்திலோ, மழையும் மிட்ஜும் குறைவான கிழக்கே கேர்ன்கோர்ம் மலைகளிலோ சில இரவுகள் கட்டிப் பழகிவிட்டு, பிறகு மேற்கே கொண்டுபோக வேண்டிய பொருள் அது. பிவி பையோடு சேர்த்து டார்ப்பை ஜூன் இறுதியில் அங்கே கொண்டுபோவதை நானே செய்யமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் கூடாரத்திலேயே கிராம் எண்ணுகிறோம். ஒரு நாளைக்கு 800 கிராம் உணவு என்றால் ஐந்து நாளுக்கு நான்கு கிலோ ஆகிறது. கின்லாக்யூவுக்கும் பிற ஊர்களின் விடுதிகளுக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பொட்டலம் அனுப்பி, சுமக்கும் நாட்களை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தால் அதிலேயே ஒன்றரைக் கிலோ இறங்கிவிடும். கூடாரத்தில் அந்த அளவு மிச்சம் பிடிக்க நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள், அஞ்சல் செலவைப் பாருங்கள்.

தேம்ஸ்கரையான் எழுதியது

மூவருக்கும் மிக்க நன்றி. டார்ப்பைக் கைவிட்டேன். இரட்டைத் துணியுள்ள, நடைக்கோல் கொண்டு கட்டும் பாலியஸ்டர் கூடாரம் என்று முடிவாயிற்று. உணவுப் பொட்டலங்களுக்கும் விடுதிகளுக்கு எழுதுகிறேன். மேற்கு வழியையே முதல் திட்டமாக வைத்து, வானிலையைப் பார்த்து மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். என்னிடம் இருப்பவை கார்பன் நடைக்கோல்கள். அவற்றையே தூணாக நம்பலாமா? மேலும், அந்தச் சதுப்பு நிலத்தில் மெல்லிய டைட்டானியம் முளைகள் நிற்குமா? குவிமாடக் கூடாரத்தில் முளை பிடுங்கினாலும் கூடாரம் நின்றது; இதில் அப்படி நிற்காது என்று புரிகிறது.

ஈரமண் எழுதியது

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆறுகளைப் பற்றிக் கரையோடி எழுதியதை உங்கள் கூடாரத்தோடு சேர்த்துப் பாருங்கள். நீரில் இறங்கும்போது நீர் வரும் திசையை நோக்கி முகம் வைத்து, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, கோலை மூன்றாவது காலாக ஊன்றிக் கடப்பீர்கள். அப்போது உங்கள் எடையும் நீரின் தள்ளலும் அந்தக் கோலின் மேல்தான் விழுகின்றன. இரு பாறைகளுக்கு நடுவே அதன் நுனி சிக்கிக்கொண்டால் கார்பன் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் முறிந்துவிடும். அலுமினியம் வளையும், பெரும்பாலும் திரும்ப நிமிர்த்தவும் முடியும். கோல் முறிந்தால் அன்றிரவு கூரையும் இல்லை என்பதால், இந்தப் பாதைக்கு அலுமினியக் கோல்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்கு நூறு கிராம் சொச்சம் கூடும். இந்த நூறு கிராமுக்கு நான் வருந்தமாட்டேன்.

மெல்லிய கொக்கி முளை கல் நிறைந்த நிலத்துக்கு நல்லது. சதுப்பு மண்ணில் அதைக் குத்துவது வெண்ணெயில் ஊசி குத்துவது போலத்தான். எவ்வளவு எளிதாக இறங்குகிறதோ அவ்வளவு எளிதாக வெளியே வரும். மூன்று இதழ்களாக விரிந்த குறுக்குவெட்டுள்ள, 18 முதல் 20 சென்டிமீட்டர் நீளமான அலுமினிய முளைகளை முக்கிய மூலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 14 கிராம் அளவில் இருக்கும். மெல்லியவை இரண்டு மூன்றைக் கல்லாங்குத்துக்கென்று சேர்த்துக்கொள்ளலாம். மண் மிக இளகியிருந்தால் முளையின் மேலே ஒரு தட்டைக்கல்லை வைத்துவிடுங்கள். கோலின் அடி மண்ணுக்குள் இறங்காதிருக்கவும் கீழே ஒரு கல் தேவைப்படும்.

கூடாரம் அடிக்கும் வரிசையையும் வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ பழகிக்கொள்ளுங்கள். இடம் கண்ணில் பட்டதுமே, நிற்பதற்கு முன்பாக, முகவலையும் கையுறையும் அணிந்து, காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகிவிட வேண்டும். நின்ற பிறகு தேடினால் நேரம் கடந்துவிடும். வெளிக்கூரை பையின் வெளிப்புறப் பாக்கெட்டில் இருக்கட்டும், அது ஈரமாகவே இருந்தாலும் பாதகமில்லை. அதை முதலில் அடித்து, பையோடு உள்ளே நுழைந்து, அதன் பிறகு உலர்ந்த பையிலிருந்து உள்கூடாரத்தை எடுத்து மாட்டுங்கள். உள்ளே போய் வலையை மூடிய பின் தப்பி வந்த பூச்சிகளை வலையின் உச்சியில் துணியால் அழுத்தித் துடைத்துவிடலாம். அவை மேலேதான் போய் ஒட்டும். அடுப்பை மூடிய கூரைக்கடியில் எரிக்க வேண்டாம். தீயைவிடக் கார்பன் மோனாக்சைடுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். வாசல் கதவின் மேற்பகுதியைத் திறந்துவைத்து, தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து ஊற்றும் உணவாக வைத்துக்கொண்டால் அடுப்பு எரியும் நேரம் சில நிமிடங்களோடு முடிந்துவிடும்.

வடமுனை எழுதியது

தாமதமாகப் பார்த்தேன். எல்லாரும் தெற்குப் பாதியையே பேசியிருப்பதால் வடக்கைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

உல்லாபூல் என்ற ஊர் நம் பாதையிலிருந்து விலகியிருந்தாலும் அங்கே ஒரு நாள் போய்வருவது நல்லது. பெரிய அங்காடி இருக்கும் கடைசி ஊர் அதுதான். விமானத்தில் எரிவாயுக் குப்பி கொண்டுவர முடியாதவர்கள் ஃபோர்ட் வில்லியமில் வாங்கியது தீர்ந்திருந்தால் இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஓய்கல் பிரிட்ஜுக்குப் பிறகு நிலம் திறந்து விரிகிறது. மரங்கள் குறைந்து கடற்காற்று எட்டத் தொடங்குவதால், மிட்ஜ் தொல்லை தெற்கே இருந்த அளவுக்கு இராது என்று பெரும்பாலான நாட்களில் சொல்லலாம். அதற்கு ஈடாகக் கூடாரத்துக்குக் காற்றின் சோதனை கூடும். இஞ்ச்னடாம்ஃபிலிருந்து கிளென்கூல் குடிலை நோக்கி இறங்கும் வழியில், ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிரிட்டனின் மிக உயரமான அருவியான ஈஸ் அ ஹூவல் ஆலின் தென்படும். கோடையில் வறண்ட வாரமாக அமைந்தால் அது மெல்லிய நூலாகத்தான் இருக்கும். குளோமக் அருவிதான் எனக்கு அதைவிடப் பிடித்தது.

கின்லாக்பெர்வி கடையில் கடைசி உணவை வாங்கிக்கொண்டு சாண்ட்வுட் விரிகுடாவுக்குப் போவீர்கள். கடற்கரை மணலில் ஈரமண் சொன்ன நீண்ட முளைகளும் பிடிக்காது. மணல் நிரப்பிய சிறு பைகளையோ கற்களையோ இழுகயிற்றில் கட்டி ஓரடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிட வேண்டும். அல்லது மணல்மேட்டுக்குப் பின்னே உள்ள புல்தரையில் அடியுங்கள். அங்கே காற்றும் சற்றுத் தணிந்திருக்கும்.

சாண்ட்வுட்டுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே இராணுவப் பயிற்சி எல்லைக்குள் நுழைகிறீர்கள். அங்கே உண்மையான குண்டுகளோடு பயிற்சி நடக்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வேலியைத் தாண்டக் கூடாது. பயிற்சி நேரங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. கின்லாக்பெர்வியில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு சமிக்ஞை கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். ராபர்ட் ஸ்டீவன்சன் 1828-இல் கட்டிய கலங்கரை விளக்கத்திலிருந்து திரும்பி வர, கோடையில் மட்டும் ஓடும் சிற்றுந்தும் அதன் முடிவில் டர்னஸ் கழிமுகத்தைக் கடக்கும் சிறு படகும் இருக்கின்றன. இரண்டும் காற்றையும் இராணுவத்தையும் பொறுத்தவை. ஒரு நாள் ஓடாமல் போனால் கியர்வைக் குடிலில் தங்கி மறுநாள் முயலலாம், அல்லது வந்த வழியே சாண்ட்வுட்டுக்குத் திரும்பி நடக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை நாள் உணவைக் கின்லாக்பெர்வியில் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். லண்டனுக்குத் திரும்பும் ரயில் சீட்டையும் தேதி மாற்றக்கூடியதாகவே எடுங்கள்.